பற்றை வெட்ட வந்த மெசின்

எனக்குச் சீதனமாகத் தந்த தோட்டக் காணி மருதனார்மடச் சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே, செம்மண் ஒழுங்கை முடிகிற இடத்தில் இருந்தது. ஐயா இருந்த காலத்தில் அதில் புகையிலையும் வெங்காயமும் மாறி மாறி நின்றன. அவர் போன பிறகு பார்க்க ஆள் இல்லை. எண்பத்து நாலாம் ஆண்டில் நாயுண்ணிச் செடியும் காரைமுள்ளும் ஆளுயரத்துக்குப் பற்றையாக எழும்பி, உள்ளே ஒரு கிணறு இருக்கிறதென்றே வெளியில் நிற்பவருக்குத் தெரியாது.

அந்த வருடம் என் கணவருக்கு வயிற்றில் ஒப்பரேஷன். மானிப்பாய் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தவர். பாரம் தூக்கக் கூடாது, மண்வெட்டி பிடிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நாங்கள் அதுவரை குத்தகைக்குச் செய்துகொண்டிருந்த தோட்டத்தையும் விட்டாயிற்று. சொந்தக் காணியைத் துப்புரவாக்கினால் கூலிக்கு ஆள் வைத்தாவது வெங்காயம் நட்டுக்கொள்ளலாம் என்று இவர் படுத்த பாயிலிருந்தே கணக்குப் போட்டார். பற்றை வெட்டக் கையாட்கள் கிடைக்கவில்லை. வெட்டுகிற வயதில் இருந்தவர்கள் அப்போது ஊரில் குறைவு.

அப்போதுதான் மெசின் வைத்திருந்த ஒருவரை விசாரித்தோம். கொழும்பில் ஒரு மெசின் திருத்துகிற இடத்தில் வேலை செய்தவர். முந்திய வருடக் கலவரத்தில் மனைவியையும் சின்ன மகளையும் கூட்டிக்கொண்டு உடுத்த உடுப்போடு கப்பலில் வந்தவர். எங்கள் ஒழுங்கை முகப்பில் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தார். மனைவியின் நகைகளை விற்றுப் பழைய உழவு மெசின் ஒன்று வாங்கி, தோட்டமொன்றில் பழுதென்று ஒதுக்கிவிட்ட பற்றை வெட்டும் மெசினை லொறியில் வரவழைத்துத் திருத்தி, உழவு மெசினின் பின்னால் கொழுவியிருந்தார்.

"மனிசியின்ரை தாலிக்கொடியைத் தவிர மற்றதெல்லாம் இரும்பாப் போச்சுது," என்று அவரே சொல்லிச் சிரிப்பாராம்.

மேலே இருந்து பார்த்தால் அந்த வெட்டும் மெசின் ஒரு பெரிய இரும்பு மூடி. ஊரில் அதற்கு ஆமை என்று பெயர் வைத்துவிட்டார்கள். குனிந்து பார்த்தால் கீழே ஒரு வட்டத் தகட்டில் இரண்டு பக்கமும் இரண்டு அலகுகள் தொங்கும். என் உள்ளங்கை அகலம் இருக்கும். கூரே இல்லை. நான் வேலியோரம் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டவர், "கூர் தேவையில்லை அக்கா. சுத்திற வேகத்திலை அடிச்சு முறிக்கிறதுதான். கை மொத்தக் கட்டையெண்டாலும் தூளாப் போயிடும்," என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன். பிற ஆண்களோடு நின்று கதைக்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தால் மறித்த நாளிலிருந்து என் கதையெல்லாம் அடுப்படியோடும் தோட்டத்தோடும்தான்.

காணியைப் பார்க்க வந்த அன்று அவர் இவரிடம் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

"அண்ணை, பற்றை எவ்வளவெண்டாலும் பிரச்சினையில்லை. உள்ளை என்ன கிடக்கெண்டதுதான் பிரச்சினை. கல்லு, இரும்பு, பழைய அடிக்கட்டை ஏதும் இருந்தா முதலே சொல்லிப்போடுங்கோ."

"எனக்கென்ன தெரியும் தம்பி. அது இவவின்ரை தேப்பன்ரை காணி. இவவுக்குத்தான் மூலை முடுக்கெல்லாம் தெரியும்."

"அப்ப அக்கா ஒரு உதவி செய்யட்டும். அப்பிடியான இடமெல்லாம் பக்கத்துப் பற்றையிலை வெள்ளைத் துணியைக் கிழிச்சுக் கட்டிவிடட்டும். பச்சைக்குள்ளை வெள்ளை பளிச்செண்டு தெரியும்."

ஊரில் வெள்ளைத் துணி எதற்குக் கட்டுவார்கள் என்பது கொழும்பில் இருந்தவருக்குத் தோன்றவில்லை. ஏனோ அப்போது எனக்கும் தோன்றவில்லை. இவருடைய பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துக்கொண்டு போனேன். ஒரு பின்நேரம் முழுவதும் முள்ளுக்குள் ஊர்ந்து திரிந்தேன். கிணற்றுக்கட்டைச் சுற்றிக் கட்டினேன். மாட்டுத்தொட்டி கிடந்த இடத்தில் கட்டினேன். கிணற்றடியில் துலாவைத் தாங்கி நின்ற கல்தூண் எப்போதோ முறிந்து, முழங்கால் உயரத்துக்கு அடி மட்டும் நின்றது. அதை நாயுண்ணி முற்றாக மூடியிருந்தது. அதற்கு மேலே இரண்டு துண்டு கட்டினேன். வெளியே வந்து திரும்பிப் பார்த்தபோது என் கைவேலையில் எனக்கே ஒரு திருப்தி.

அந்த நேரம் எங்கள் முன்வீட்டு மாமி ஒழுங்கையால் வந்தா. வாய் சும்மா இருக்காத மனுசி. வேலியோரம் நின்று உள்ளே எட்டிப் பார்த்தா.

"என்ன பிள்ளை, ஆரின்ரை செத்தவீடு?"

"இல்லை மாமி, நாளைக்கு மெசின் வருகுது. அடையாளத்துக்கு..."

"அடையாளமோ. ஒழுங்கை முழுக்க வெள்ளைக்கொடி கட்டினது போலக் கிடக்கு. மனிசன் வயித்தைக் கிழிச்சுத் தைச்சுக்கொண்டு வந்து கிடக்கிறான், நீ அவன்ரை வேட்டியையே கிழிச்சுக் காணி முழுக்கக் கட்டியிருக்கிறாய். உன்ரை துணிச்சல் எனக்கு வராது."

சொல்லிவிட்டு மாமி தன்பாட்டில் போய்விட்டா. மாமிக்கு அது ஒரு கதை. எனக்கு நெஞ்சுக்குள் ஆணி. வீட்டுக்கு வந்து இவரைப் பார்த்தால் சுருண்டு படுத்திருக்கிறார். முகம் வெளிறிக் கிடப்பது போலத் தெரிந்தது. இவரிடம் சொல்லவும் வாய் வரவில்லை. சொன்னால் அவருக்கும் அந்த நினைப்பு வந்துவிடுமே. விடியற்புறம் எழும்பிப் போய் ஒரு துண்டு விடாமல் அவிழ்த்தேன். சிவப்புத் துணி கட்டுவோம், சிவப்பில் ஒரு குறையும் இல்லை என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்து, கிழிந்த பழைய சிவப்புச் சீத்தைப் பாவாடை ஒன்றைத் தேடி எடுத்துக் கிழித்தேன். இடையில் இவர் தேத்தண்ணி கேட்டார். மருந்து கொடுக்கவேண்டியிருந்தது.

நான் சிவப்புத் துண்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டு காணிக்குப் போகையில் மெசின் ஏற்கனவே உள்ளே இறங்கிவிட்டது. வெயில் ஏற முதல் தொடங்கினால் நல்லதென்று நேரத்தோடு வந்திருக்கிறார். பற்றை அதன் அடியில் போய்ப் பின்பக்கத்தால் உதிரியாக வந்து விழுந்துகொண்டிருந்தது. ஊர்ச்சனம் வேலியோரம் புதினம் பார்க்க நின்றது. எல்லோரும் ஆண்கள். அந்தச் சத்தத்துக்குள் என் குரல் கேட்காது. ஓடிப்போய் மறிக்கலாம். இத்தனை ஆண்கள் பார்த்து நிற்க, தலைவிரிகோலமாக மெசினுக்கு முன்னால் ஒரு பெண் ஓடுவதா என்று கால் எழும்பவில்லை. அவர் இந்தப் பக்கம் திரும்பி வருவார், அப்போது கையைக் காட்டுவோம் என்று நின்றேன். அவர் துணி கண்ணில் படாதபடியால் எல்லாம் வெறும் பற்றை என்று எண்ணி, கிணற்றடிப் பக்கம் நேரே விட்டார்.

கல்லில் இரும்பு அடித்த சத்தம் சந்திவரை கேட்டதென்று பிறகு சொன்னார்கள். மெசின் ஒருமுறை உலுக்கி நின்றது. பிறகு எண்ணெய் மணம். அவர் இறங்கிப் போய் ஆமையின் முதுகில் இருந்த பல்லுச் சில்லுப் பெட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, அப்படியே நிலத்தில் குந்தியிருந்தார்.

சனம் கலைந்த பிறகும் நான் அங்கேயே நின்றேன். அவர் என்னைக் கண்டுவிட்டார். கையில் இருந்த சிவப்புத் துணியையும் கண்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மாமி சொன்னது, இவருடைய வயிற்று வருத்தம், விடிய அவிழ்த்தது, ஒன்றும் மறைக்கவில்லை. ஒரு பிற ஆணோடு அவ்வளவு நேரம் நான் கதைத்தது அதுதான் முதல்தரம்.

அவர் கோபிக்கவில்லை. உழவு மெசினிலிருந்து ஆமைக்குப் போகிற தண்டில் ஒரு இடத்தைக் காட்டினார்.

"இஞ்சை பாருங்கோ அக்கா. இதிலை ஒரு மெல்லிய போல்ற் இருக்கவேணும். கல்லிலை அடிபட்டா முதல் அதுதான் முறியும், பெட்டி தப்பும். சாகிறதுக்கெண்டே வைக்கிற போல்ற். என்னட்டை இருந்தது முடிஞ்சுபோச்சு. அடிக்கடி முறியுதெண்டு நான் ஒரு வைரமான போல்ற்றைப் போட்டனான். அது முறியேல்லை. உள்ளை பல்லுச் சில்லு உடைஞ்சுபோச்சு. பிழை என்னிலைதான். நீங்கள் மனசிலை வைக்காதேங்கோ."

எப்படி வைக்காமல் இருப்பது? என்னைச் சமாதானப்படுத்த இல்லாத போல்ற் ஒன்றைச் சொல்கிறாரோ என்றுகூட நினைத்தேன். அந்தப் பல்லுச் சில்லைத் தேடி யாழ்ப்பாணத்தில் எத்தனையோ இடம் சைக்கிளில் அலைந்தார். கடைந்து தருகிறோம் என்றவர்கள் உண்டு, ஆனால் அந்தப் பல்லுக்குரிய வைரம் இந்த இரும்புக்கு வராது என்று கையை விரித்தார்களாம். கொழும்பில் மட்டும்தான் எடுக்கலாம். இனிச் செத்தாலும் அந்தப் பக்கம் தலை வைக்கமாட்டேன் என்று கப்பலில் வரும்போது மனைவியிடம் சொன்னவர் அவர். மழைக்கு முதல் பற்றை வெட்டுகிற காலம் போய்க்கொண்டிருந்தது. அவர்களுக்கு அந்த மெசினை விட்டால் சோற்றுக்கு வேறு வழியும் இல்லை. ஒரு காலை சுன்னாகம் ஸ்டேசனில் ரயில் ஏறிவிட்டார்.

போன ஆள் சொன்ன நாளில் வரவில்லை.

நான் பின்நேரங்களில் அவர்கள் வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். புட்டோ, கறியோ ஏதாவது கொண்டுபோவேன். அந்தப் பிள்ளை, அவருடைய மனைவி, வாங்கி வைத்துவிட்டு என் பக்கத்தில் இருக்கும். இரண்டு பேரும் ரயில் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருப்போம். ரயில் போய், ஸ்டேசனிலிருந்து நடந்து வருகிற நேரமும் போன பிறகு நான் எழும்புவேன்.

"என்னாலைதானே பிள்ளை," என்று ஒருநாள் சொன்னேன்.

"உப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா. உங்களிலை ஒரு குறையும் இல்லை. அவர் எனக்கும் போல்ற் கதை சொன்னவர்."

ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். அந்தப் பிள்ளை ஏசவில்லை. மகள் மட்டும் புட்டுக்குள் தேங்காய்ப்பூக் குறைவென்று முறைப்பாடு சொன்னாள்.

அவர் வந்தார். நான் அங்கே இருக்கும்போதே படலையைத் திறந்துகொண்டு வந்தார். சாரத்தில் சுற்றின பல்லுச் சில்லு கையில் இருந்தது. மகள் ஓடிப்போய் அப்பா அப்பா என்று இடது பக்கத்தில் நின்று கூப்பிட, அவர் திரும்பவில்லை. சட்டையைப் பிடித்து இழுத்த பிறகுதான் குனிந்தார். அந்த நிமிடம் எனக்கும் அவருடைய மனைவிக்கும் ஒன்றாக விளங்கியது.

வரும் வழியில் ஆமிக்காரர் ரயிலிலிருந்து இறக்கி வைத்து விசாரித்திருக்கிறார்கள். மற்றவர்களை விட்டுவிட்டார்கள். அவரிடம் இந்த இரும்பு இருந்தது.

"உது என்னத்துக்கெண்டு கேட்டாங்கள். மெசினுக்கெண்டன். என்ன மெசினெண்டாங்கள். பற்றை வெட்டுற மெசினெண்டன். பற்றையைக் கத்தியாலைதானே வெட்டுறது, அதுக்கேன் மெசினெண்டு கேட்டுக் கேட்டு அடிச்சாங்கள்." இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கப் பார்த்தார். "நானும் எத்தினைதரம் விளங்கப்படுத்திறது."

கன்னத்தோடு சேர்த்து விழுந்த அடியில் இடது காது போய்விட்டது. மனைவி சாரத்திலிருந்து சில்லை எடுத்துச் சுவரோரம் வைத்தாள். எண்ணெய் பூசிப் பளபளவென்று இருந்தது. நான் யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த கிழமையே மெசின் சரிவந்தது. ஒழுங்கை முகப்பில் அவர் அதை ஓட்டிப் பார்க்கிற சத்தம் கேட்டது. எங்கள் காணியில் பாதி வெட்டினபடி, பாதி பற்றையாகக் கிடந்தது.

இவர் அப்போது எழும்பி நடமாடத் தொடங்கியிருந்தார். "மிச்சத்துக்கு எப்ப வரச்சொல்லுறது?" என்று கேட்டார்.

"வேண்டாம்," என்றேன். "வெட்டின பாதி போதும். அதிலை நடுவம்."

"அரைவாசி மொட்டையடிச்ச தலை மாதிரிக் கிடக்கு. பாக்கிற சனம் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். திருப்பியும் அந்த மனிசனை அந்தக் கல்லுக்குள்ளை இறக்க என்னாலை ஏலாது."

நான் மெசின்காரருக்கு நன்மை செய்கிறதாகத்தான் நினைத்தேன். உண்மையில் நான் ஒளித்தேன். ஒழுங்கையில் அவர் சைக்கிள் வந்தால் வேலிப்பக்கம் திரும்பி நின்றேன். அவர்கள் வீட்டுக்குப் புட்டுக் கொண்டுபோவதையும் விட்டுவிட்டேன்.

நாங்கள் கூப்பிடவில்லை என்பதைக் காணி தானே ஊருக்குச் சொல்லிக்கொண்டு கிடந்தது. போகிறவர் வருகிறவரெல்லாம் அந்தப் பாதிப் பற்றையைப் பார்த்தார்கள். ஒருநாள் சந்தையில் வெங்காயத்தாள் வாங்கிக்கொண்டு நிற்கிறேன், மாமி இன்னொருத்தியோடு கதைப்பது கேட்கிறது.

"உவர் சத்தத்தைக் கேட்டுத்தானே மெசின் ஓடுறவர். கல்லோ கட்டையோ எண்டு காதுதானே சொல்லும். ஒரு காதோடை என்னெண்டு? அந்தக் காணிக்காரரே திருப்பிக் கூப்பிடேல்லையாம். அவைக்குத் தெரியாதே?"

"ஓமோம். எங்கடை இவரும் வரச்சொல்லியிருந்தவர். பிறகு வேண்டாமெண்டு விட்டிட்டார்."

முதல் தரம் துணியை அவிழ்த்தேன், காது போனது. இப்போது வாயை மூடிக்கொண்டிருந்து அவருடைய சோற்றிலும் மண்ணைப் போட்டுவிட்டேன். வாங்கின வெங்காயத்தாளைக் கடைக்காரியிடமே விட்டுவிட்டு நேரே நடந்தேன். இவரை அனுப்பலாம் என்று வழியில் ஒரு நினைப்பு வந்தது. இவர் போனால் அது ஆம்பிளைகள் பேசி முடிக்கிற ஒழுங்காக இருக்கும். நான் சொல்லவேண்டியது அதில் இருக்காது.

படலையில் நின்றேன். மெசின் முற்றத்தில் நின்றது. ஆமையின் முதுகில் மகள் கொட்டைப்பாக்குகளை அடுக்கி விளையாடிக்கொண்டிருந்தாள். அவர் உள்ளேயிருந்து வந்தார். நான் நேராக அவர் முகத்தைப் பார்த்தேன்.

"தம்பி, மிச்சத்தையும் வெட்டித் தாங்கோ."

அவர் உடனே பதில் சொல்லவில்லை. கேட்கவில்லையோ என்று நினைத்து இன்னொருதரம் சொன்னேன்.

"கேட்டது அக்கா," என்றார். "ஏன் இவ்வளவு நாளும் கூப்பிடேல்லை? என்ரை காதை நினைச்சே?"

"ஓம். காதை நினைச்சுத்தான். ஆனா நீங்கள் நினைக்கிற மாதிரியில்லை. உங்கடை முகத்தைப் பாக்க எனக்கு ஏலாமக் கிடந்தது."

மனைவி கதவடியில் வந்து நின்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. கோபமா வேறேதுமா என்று எனக்குத் தெரியவில்லை.

"நான் நினைச்சன், உங்களுக்கு என்னிலை நம்பிக்கை போச்செண்டு," என்றார் அவர். "நீங்களே கூப்பிடாட்டி ஆர் கூப்பிடுவினம் எண்டு இவவுக்கும் சொன்னனான்."

"உங்களிலை இல்லை தம்பி. என்னிலைதான்."

"இப்ப பயமில்லையே?"

"இருக்கு," என்றேன். "நானும் வந்து நிக்கிறன். எது எங்கை கிடக்கெண்டு எனக்குத் தெரியும்."

அவர் மனைவியைப் பார்த்து, "அக்காவுக்குத் தேத்தண்ணி வையுமன்," என்றார்.

அடுத்த நாள் காலை நான் மெசினோடு நடந்தேன். "இடது பக்கம் நிண்டு கத்தினா ஒண்டும் விளங்காது அக்கா. வலப்பக்கமா, தள்ளி நில்லுங்கோ, ஏதும் தெறிக்கும்," என்று அவர் முதலே சொல்லியிருந்தார். கல் வருகிற இடத்தில் கையைத் தூக்கினேன். கை தெரியாத இடத்தில் கத்தினேன். வேலியோரம் சனம் நின்றது. மாமியும் நின்றா. அன்று எனக்கு அவர்கள் ஒருவரும் பொருட்டாகப் படவில்லை. மத்தியானத்துக்கு முன் பற்றை முழுவதும் போய், கிணறும் தொட்டியும் முறிந்த தூணும் வெளியே தெரிந்தன. அவர் மெசினை நிற்பாட்டிய கையோடு, சந்தையில் வேண்டாமென்று விட்டதாகச் சொன்னவளின் புருசன் அவருக்கு வலப்பக்கத்தில் போய் நின்று ஏதோ கதைத்தார். எந்தப் பக்கம் நின்று கதைத்தால் கேட்கும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கவேண்டும்.

அந்த முறை வெங்காயம் நன்றாக விழுந்தது. முதல் கிண்டினதில் நல்லதாகப் பார்த்து ஒரு பிடி கட்டி அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அவர் முற்றத்தில் குந்தியிருந்து மெசினுக்குக் கிறீஸ் பூசிக்கொண்டிருந்தார். நான் பிடியை அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சும்மா நின்றேன். நிழலைக் கண்டு நிமிர்ந்தவர், நான் ஏதோ சொன்னேன் என்று நினைத்து, "என்ன அக்கா?" என்று வலது காதை என் பக்கம் திருப்பினார்.

நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.